புகைபோக்கிகளை எண்ணுதல்

தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால்
எங்கள் விறகு வங்கி.
தீயை அணைக்கிறவர்கள் இடம் கொடுத்தார்கள்
தீ மூட்டுகிறவர்களுக்கு.
இந்த நகைச்சுவையை ஒவ்வொரு அக்டோபரிலும்
யாராவது ஒருவர் புதிதாகக் கண்டுபிடிப்பார்.

மெய்ன் மாநிலத்தின் வடக்கு நுனி இது.
ஆற்றைத் தாண்டினால் கனடா.
ஆறு உறைந்துவிட்டால்
தாண்டுவதற்கு எதுவுமில்லை.

வட்டி கிடையாது, ஜாமீன் கிடையாது.
ஒரு பிக்கப் வண்டி நிறைய, இரண்டு வாரத்துக்கு.
பெயர் எழுத ஒரு நோட்டு,
நூலில் கட்டிய பென்சில்.
'பச்சை வீடு' என்று எழுதினாலும் போதும்.
'பாலத்துக்கு அப்பால்' என்று எழுதுகிறார் ஒருவர்.
இன்னொருவர் வெறுமனே 'நான்'.
நானுக்கு நவம்பரிலிருந்து
நான்கு முறை கொடுத்திருக்கிறோம்.

சனிக்கிழமைகளில் பிளக்கிறோம்:
காகித ஆலை வெளியே அனுப்பிய மூன்று பேர்,
பள்ளிப் பேருந்து ஓட்டும் க்ளோதில்ட்,
நான்,
கோடரி பிடிக்கத் தெரியாத பாதிரியார்.
(அவரை அடுக்க மட்டும் விடுவோம்.)
மேப்பிள் ஒரே போட்டில் இரண்டாகும்.
எல்ம் முறுக்கிக்கொண்டு
கோடரியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.
ஈரக் கட்டையை யாருக்கும் தருவதில்லை.
புகையும், கண்ணீர் வரவழைக்கும், சூடு தராது,
சில உதவிகளைப் போல.

மரம் கொண்டுவருகிறவர் ரொசேர் டாய்கல்.
புயல் சாய்த்தது, மின்வாரியம் வெட்டிப்போட்டது,
யாரோ விவாகரத்துக்குப் பின்
தோட்டத்திலிருந்து அகற்றச் சொன்னது,
எல்லாம் அவர் வண்டியில்தான் வரும்.

ஜனவரி. மைனஸ் இருபத்தெட்டு.
விறகு இறக்கப் போகும்போது
புகைபோக்கிகளை எண்ணுவது என் பழக்கம்.
ஆற்றுச் சாலையில் பதினோரு வீடு.
பத்துப் புகை.

வாசலில் வண்டி.
அதன் முதுகில் முந்தின நாள் பிர்ச்.
உள்ளே ரொசேர், கோட்டும் தொப்பியுமாக,
சமையலறையில் வானொலி கேட்டுக்கொண்டு.
"குழாய் அடைத்துக்கிடக்கிறது,
நாளைக்குப் பார்க்கணும்" என்றார்.
அந்தச் சொற்களோடு வாயிலிருந்து வந்ததுதான்
அந்த வீட்டின் ஒரே புகை.
"வண்டியில் இருப்பது?"
"அது வங்கியுடையது."

அன்றிரவே அவர் கொட்டகையோரம்
சத்தமில்லாமல் அரை வண்டி இறக்கினோம்.
சனிக்கிழமை அத்தனையும் திரும்பி வந்தது.
"யாரோ வீடு மாறி இறக்கிவிட்டார்கள்.
கவனமாக இருக்கச் சொல்லு."
மறுபடி இறக்கினோம்.
மறுபடி கொண்டுவந்தார்.
இம்முறை இன்னும் சன்னமாகப் பிளந்து.

க்ளோதில்ட்தான் நேரே போய்ச் சொன்னாள்:
"வங்கியில் இடமில்லை, ரொசேர்.
உன் கொட்டகையில் கொஞ்சம் வைத்துக்கொள்.
பக்கத்தில் அடுப்பு எரிந்தால்
கட்டை நன்றாகக் காயும்."
பேருந்தில் சண்டை போடும் பையன்களிடம்
பேசுகிற அதே குரலில்.
அவர் வெகுநேரம் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம்.
"எரிப்பதைக் கணக்கில் எழுதுவேன்" என்றாராம்.

எழுதினார்.
நோட்டில், பென்சிலை அழுத்தி:
'கிளை வங்கி. இரண்டு கை.'
பாதிரியார் சிரித்து அடுக்கைச் சரித்துவிட்டார்.

புதன்கிழமை எண்ணினேன்.
பதினொன்று.
வண்டியின் சூட்டியை நிறுத்திவிட்டு
இன்னொரு தரம் எண்ணினேன்.

திரும்பும் வழியில், பத்து.
ரொசேர் வீடு இல்லை. கடைசி வீடு,
இலையுதிர் காலத்தில் குடிவந்தவர்கள்,
முற்றத்தில் ஒரு குழந்தைச் சறுக்குவண்டி.
வீட்டில் இல்லாமலிருக்கலாம்.
தூங்கிக்கொண்டிருக்கலாம்.
பெயர்கூடத் தெரியாது.

ரிவர்ஸ் கியர் போட்டேன்.