மூன்று புள்ளி ஒன்று

இரவு இரண்டே முக்கால்.
கெமியார்விக்கு வடக்கே
சாலையை மூடிய பனியை ஓரங்கட்டுகிறது
என் வண்டியின் இரும்பு அலகு.
கைபேசி அடிக்கிறது.
"சாப்பிடு" என்கிறான் ரவுனோ.
வணக்கம் கிடையாது, நலமா கிடையாது.
"மூன்று புள்ளி ஒன்று. அம்பு கீழே பார்க்குது. சாப்பிடு, தூய்ரே."

எண்ணூறு கிலோமீட்டர் தெற்கே
கோட்கா துறைமுகத்தின் பின்தெருவில்
ரொட்டி அடுப்பின் முன் நிற்கிறான், மாவுக் கையோடு.
நான் அவனைப் பார்த்ததில்லை.
நெட்டையா குட்டையா, தெரியாது.
அவன் ரத்தத்தில் ஓடும் சர்க்கரை தெரியும்,
ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை.
என்னுடையது அவனுக்கு.

வண்டியை நிறுத்தி
குளுக்கோஸ் வில்லை நான்கைக்
குதிரை கொள்ளு தின்பதுபோல் கடிக்கிறேன்.
நடுங்கும் இந்த விரல்கள் யாருடையவோ.
"மென்னாச்சா?"
"மென்னாச்சு."
"பதினைந்து நிமிஷம் நகராதே."
அந்தப் பதினைந்து நிமிஷமும்
அடுப்புக் கதவு திறந்து மூடும் ஓசை.

ரொட்டித் துண்டோ உருளைக்கிழங்கோ
கண்ணாலேயே நிறுத்துவிடுவான்,
இத்தனை கிராம் மாவுச்சத்து என்று.
எனக்கும் அதைப் பழக்கினான்.
பதிலுக்கு நான் தந்தது ஒன்றே ஒன்று:
குளிர் முற்றினால் இன்சுலின் பேனாவைச்
சட்டைக்குள் வை, தோலை ஒட்டி.
உறைந்த மருந்து உருகினாலும் மருந்தில்லை.
கோட்காவில் அதற்கெல்லாம் அவசியம் வராது என்று சிரித்தான்.
ஒரு பிப்ரவரியில் வந்தது.

செவிலி நல்லவள்.
ஆறு மாதத்துக்கு இருபது நிமிஷம்.
அவள் தாளில் என் சராசரி இருக்கிறது.
சராசரியில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.
சராசரிக்கு
இரவு இரண்டே முக்கால் என்று ஒன்று கிடையாது.

போன வியாழன், அவன் கோடு நின்றது.
நான்கு புள்ளி நான்கு,
மூன்று புள்ளி ஒன்பது,
பிறகு வெள்ளைத் திரை.
அழைத்தேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது.
மறுபடி அழைத்தேன்.
வயிற்றில் புளியைக் கரைத்தது.
முன்விளக்கில் ஒரு கலைமான்,
விலகாமல் என்னையே பார்த்தபடி.
கோட்காவில் எனக்கு வேறு யாரைத் தெரியும்?
ஒரு மனிதனின் சர்க்கரையை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு
அவசர எண்ணில் எந்த முகவரி சொல்வது?
"ரொட்டி சுடுகிறவன், துறைமுகத்துக்குப் பின்னால்" என்று
தொடங்கும்போதே
குறுக்கே அவன் அழைப்பு.

மாவுத் தட்டு உரசி
கையிலிருந்த சென்சார் பிய்ந்துவிட்டதாம்.
கைபேசி மூட்டைகளுக்கு அடியில்.
இரண்டு குவளை பழச்சாறு குடித்தாயிற்று, ஒன்றுமில்லை,
ஏன் இப்படிக் கத்துகிறாய் என்றான்.
நான் கத்தவில்லை.
கத்தினேனா?

அப்புறம் அவன் பக்கம் ஓர் அமைதி.
என் எண்ணைப் பார்க்கிறான் என்று புரிந்தது.
திரையைக் கவிழ்த்தேன்,
அது அவன் கண்ணை மூடும் என்பதுபோல.

"தூய்ரே, பதினொன்று காட்டுது. இன்னும் ஏறுது.
என்ன தின்னாய்?"

ஒன்றும் தின்னவில்லை.
"பன்" என்றேன். "ஏலக்காய் பன்."

"எத்தனை கிராம்?"

கலைமான் காட்டுக்குள் போய்விட்டிருந்தது.
அலகை இறக்கினேன்.
பனி புரண்ட இரைச்சலில்
நான் சொன்னது அவனுக்குக் கேட்டிருக்காது.