வெள்ளிக்கிழமைக் கடிதம்

இரண்டாம் வகுப்பில் மறுபடியும் பேன்.
யார் தலை என்று எழுதக் கூடாதாம்.
எழுதவில்லை.

முதல் நற்கருணை மே பதினான்கு.
வெள்ளை உடை போதும், கிரீடம் வேண்டாம்:
போன வருடம் ஒன்று பீடத்துப் படியில்
உருண்டு உருண்டு இறங்கியது, நற்செய்தி வாசகத்தின்போது.

கேக் விற்பனை இருநூற்றுப் பதினான்கு யூரோ.
கூரையில் ஒரு மூலை காயும்;
மற்ற மூன்றையும் லீட்ரிம் மழை பார்த்துக்கொள்ளும்.

ஃபாதர் கில்ரேன் தம் காரைப்
பாண்டிக் கட்டத்தின் மேல் நிறுத்துகிறார் என்று பிள்ளைகள் புகார்.
‘வாகனம் நிறுத்துவோர் கவனத்துக்கு’ என்று
பொதுவில் போட்டுவிட்டேன்.

கண்டெடுத்தவை: நீல மழை பூட்ஸ்,
இடது கால் மட்டும்.

ஏழாவது வாரமாக இதே வரி.
உள்பக்கம் மார்க்கரில் பெயர் இருக்கிறது: ஓட்ரன் டார்ப்பி.
தவக்காலத்தில் பெர்த்துக்குப் போய்விட்டார்கள்,
மூன்று பிள்ளைகளும்.
இருபத்தொன்று பதினெட்டாயிற்று.
இன்னும் ஒன்று குறைந்தால் ஒரு டீச்சரும் குறைவார்;
அது இந்தக் கடிதத்தில் வராது.

‘அந்த வரியை எடுத்துவிடலாமே, டெர்வ்லா?’
என்கிறார் தலைமையாசிரியை.
அடுத்த வாரம், என்கிறேன்.

குடும்பங்கள் பதினொன்று.
பன்னிரண்டு பிரதி எடுத்தேன்.

பின்குறிப்பு:
அலுவலகத்துப் பேன்சீப்பை வாங்கிப்போனவர்
கழுவித் திருப்பித் தரவும்.