அரைமணிக்கு எவ்வளவு

நூறு என்று எழுதி அடித்தேன்.
எண்பது என்று எழுதி
அதையும் அடித்தேன்.
யாரோ வைத்துவிட்டுப் போன கல்யாணப் பத்திரிகையின் பின்பக்கம்
இதற்குள் பாதி தீர்ந்துவிட்டது.

அத்திப்பள்ளி சுங்கச்சாவடிக்கு அந்தப் பக்கம்
நாய் நடத்த அரைமணிக்கு முந்நூறாம்.
இந்தப் பக்கம் பாகலூர் ரோட்டில்
அதே ஜாதி நாய், அதே நாலு கால்,
நூற்றைம்பது என்று வாயெடுத்தாலே
'ஓசூர்தானேம்மா' என்கிறார்கள்.

எடைக்கு விலை வைக்கலாமா,
தக்காளி மாதிரி?
பி பிளாக் ஹஸ்கி இருபத்தெட்டு கிலோ,
இழுத்தால் தோள்பட்டை கழன்று வருகிறது.
ஆனால் மூன்றாம் மாடிப் பொமரேனியன்
மூன்றே கிலோ,
கண்ணில் பட்ட காலையெல்லாம் கடிக்கப் போகும்.
கோபத்துக்குத் தனியாகப் போட வேண்டிவரும்.

மாடிக்கு விலை?
லிஃப்டில் நாயை ஏற்றக் கூடாதென்று
சங்கத்தில் தீர்மானம்.
நான் ஏறலாமா என்று அதில் இல்லை.
கையில் கயிறு இருக்கும்போது
எழுதாமலே புரிகிறது.
நாலு மாடி, எழுபத்திரண்டு படி.
படிக்கு ஐம்பது பைசா போட்டுப் பார்த்தேன்,
சிரிப்பு வந்தது.
அடிக்கவில்லை, ஓரமாக இருக்கட்டும்.

சிப்காட்டில் எனக்கு விலை போட்டவர்கள்
இவ்வளவு யோசித்திருக்க மாட்டார்கள்.
ஒரு பலகைக்கு நாற்பது விநாடி.
ஒன்றுக்குப் போவதென்றால்
கதவில் அட்டையைக் காட்டிவிட்டுப் போக வேண்டும்,
ஆறு நிமிடம் தாண்டினால் பிடித்தம்.
இங்கே
ஒரு ஜீவன் ஒன்றுக்குப் போவதற்குத்தான்
எனக்குச் சம்பளமே.
கம்பம் கம்பமாக முகர்ந்து
அது ஒரு முடிவுக்கு வரும்வரை
பனியில் நிற்கிறேன், காதில் மஃப்ளரோடு,
மணி பார்க்காமல்.
அவசரப்படுத்தினால் காரியம் கெட்டுவிடும்.

கவர் யார் செலவு, அதை எழுத வேண்டும்.
தீபாவளி வாரத்துக்கு எவ்வளவு,
கட்டிலுக்கடியிலிருந்து வெளியே வராத நாளுக்கு எவ்வளவு.
மார்கழி ஐந்தரைக்கும்
சித்திரை ஏழு மணிக்கும் ஒரே விலையா?

ஏ பிளாக் அனுசூயா மேடம் வீட்டு ரூபிக்குப்
பதின்மூன்று வயசு.
இடுப்பு விழுந்துவிட்டது.
கேட் வரைக்கும் வரும்,
காவலுக்கு இருக்கும் பீமப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில்
உட்காரும். அவ்வளவுதான்.
நானும் சிமெண்டுத் திட்டில் உட்காருவேன்.
லாரி போகும்.
ரோஜாப் பெட்டி ஏற்றிய வேன் போகும்.
ரூபி மூக்கை மட்டும் தூக்கி
ராமநாயக்கன் ஏரிவரை போய்த் திரும்பும்.

நேற்று பால்கனியிலிருந்து பார்த்துவிட்டார்.
'நடக்கவே இல்லையே நாகவேணி,
அப்போ பாதிதானே ஆகும்?'
கேட்டதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.
கணக்கு டீச்சராக இருந்தவர்.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.
கம்பெனியில் கரண்ட் போய் லைன் நின்றால்
நின்ற நேரத்துக்குப் பாதிதான் கொடுப்பார்கள்.
நான் எங்கும் போகவில்லையே, கையுறைகூடக் கழற்றாமல்
அங்கேயேதானே இருந்தேன் என்று
அன்றைக்குக் கேட்கத் தெரியவில்லை.
மூன்று வருஷம் கழித்து
கொசுவலைக்குள் படுத்துக்கொண்டு கேட்கிறேன்.

காலையில் எழுந்து
பத்திரிகையின் மிச்ச இடத்தில்,
மணமகன் பேர் பின்னாலிருந்து தெரிகிற இடத்தில், எழுதினேன்:

அரைமணி, நூற்றிருபது.
நடந்தாலும் நின்றாலும்
உட்கார்ந்தாலும்.

எங்கள் பின்னாலேயே
கயிறில்லாமல் வரும் செவலை ஒன்று உண்டு.
எங்களையெல்லாம் தான் நடத்திக் கூட்டிப்போவதாக
அதற்கு நினைப்பு.
திரும்பி வந்ததும் கேட்டில் நின்று
இரண்டு பிஸ்கட் வாங்கிக்கொள்ளும்.
ஒன்று கொடுத்தால் போகாது.

அட்டையைப் படம் பிடித்து வைத்திருக்கிறேன்.
மேடத்துக்கு இன்னும் அனுப்பவில்லை.
பயமெல்லாம் இல்லை,
கவர் விட்டுப்போச்சு.