வற்றம், பகல் 1.10

ஓத அட்டவணை மார்ச் மாதத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறது.
வற்றம் பகல் ஒன்று பத்து.
முன்னால் ஒரு மணி, பின்னால் ஒரு மணி,
அவ்வளவுதான் செவர்ன் தருகிற குத்தகை.
திரும்பும்போது நீர் குதிரைபோல் பாயும் என்பார்கள்.
எனக்கென்னவோ அது கடன்காரன்.
எதிரே வராது.
முதுகுக்குப் பின்னால் ஓடைகளை நிரப்பிவிட்டுத்தான்
முகத்தைக் காட்டும்.

மெரெரித் பல் மருத்துவமனையில் சீட்டு எழுதுகிறவள்.
வாளி, பஞ்சு,
ஒரு பை நிறைய மிருதுவான பல்துலக்கிகள்.
கெதின் பிளாஸ்டிக் தாளைச் சுருட்டி
அக்குளில் இடுக்கியிருக்கிறான்.
நான்
எஃகு ஆலையில் இருபத்திரண்டு வருஷம்
கொக்கியை ஏற்றி இறக்கியவன்.
இப்போது முழங்கால் புதைய மண்டியிட்டுக்
கொக்கின் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன்.

மூன்று விரல். நடுவிரல் நீளம்.
என் உள்ளங்கையில் அடங்கவில்லை.
ஏழாயிரம் வருஷம் இருக்கும் என்கிறார்கள்.
அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.
ஈரம் மட்டும் நேற்று மிதித்ததுபோல.

இந்த வண்டல் ஏடு ஏடாகப் படிந்தது.
கோடைக்கு ஒன்று, மாவுபோல.
குளிருக்கு ஒன்று, நறநறவென்று.
இங்கே சுவடுதான் சுவடி.
படிக்கப் படிக்கக் கரையும்.
திறந்துகாட்டுவதும் அதே நீர்தான்,
தின்றுவிடுவதும்.

"இங்கே பார்" என்றாள் மெரெரித்.
குதிகால், பள்ளம், ஐந்து விரல்.
பதினாறரை சென்டிமீட்டர்.
நாலு வயசு, மிஞ்சினால் ஐந்து.
பக்கத்தில் பெரிய கால்கள் நேரே போகின்றன,
வேலை இருக்கிற கால்கள்.
இது மட்டும் போகிறது, திரும்புகிறது,
ஓரிடத்தில் கட்டைவிரலை ஊன்றி வழுக்குகிறது,
மறுபடி கிளம்புகிறது,
கொக்கு போன பக்கமாகவே.

"துரத்தியிருக்கிறது வாண்டு!" என்றான் கெதின்.
மூவரும் சிரித்தோம்.
அந்தக் கூச்சல், அந்தச் சிறகடிப்பு,
அம்மாவோ யாரோ போட்ட அதட்டல்,
எல்லாம் கேட்டேன் நான், சத்தியமாக.

மெரெரித்தான் அளவுகோலைச் செங்குத்தாக நிறுத்தினாள்.
கொக்கு ஒரு விரற்கடை கீழே.
நாலு ஏடு.
குழந்தை வருவதற்கு இரண்டு வருஷம் முன்பே
போய்விட்ட பறவை.

எனக்கு அது பிடிக்கவில்லை.
இன்னொரு முறை அளக்கச் சொன்னேன்.
அளந்தாள். அதேதான்.

இந்த நாட்டில் பிறகு அந்தக் கொக்குகளும் இல்லாமல் போயின.
விருந்துமேசைக்குப் பாதி,
சதுப்பை வடித்து வயலாக்கியதில் மீதி.
இப்போது அக்கரையில் சிலதை வளர்த்து விட்டிருக்கிறார்கள்.
அதனால் அடிக்கடி வானத்தைப் பார்ப்போம்.
"அதோ!" என்று கத்தினான் கெதின்.
சாம்பல் நாரை.
கழுத்தை மடித்துக்கொண்டு
எங்களைச் சட்டைசெய்யாமல் போனது.

அண்ணாந்த அந்த நிமிஷத்தில்
இடதுபக்க ஓடை நிரம்பிவிட்டது.
தாளைச் சுருட்டு, வாளியை விடு, ஓடு.
என் வலது பூட்ஸைச் சேறு கவ்வியது.
இழுத்தேன். கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை.
கரைவரை ஒற்றைக் காலுறையில்,
ஜில்லென்று, விரல்களை ஊன்றி ஊன்றி,
வழுக்கி,
நாலு வயசுக்காரன்போல.

மூன்று நாள். நடுவில் ஒரு புயல்.
வற்றம் பகல் மூன்று ஐந்து.
போய்ப் பார்த்தால்
ஏடு புரண்டிருந்தது.
குழந்தை இல்லை. பெரிய கால்களும் இல்லை.
என் பூட்ஸ் மட்டும் அதே இடத்தில்,
வாய்வரை வண்டல் குடித்து,
உள்ளே ஒரு நண்டு.

அதற்கப்பால் புதிதாகத் திறந்த தரையில்
கொக்கின் தடம் நீளமாகப் போனது,
பன்னிரண்டு, பதிமூன்று அடிகள்.
கூடவே, நெருக்கமாக,
என் கட்டைவிரல் அளவில்
இன்னொரு மூன்று விரல்.

அதே ஏடுதானா என்று யாரும் கேட்கவில்லை.
மெரெரித் கையில் அளவுகோல் இருந்தது.
அதைப் பைக்குள் வைத்துவிட்டு
ஒரு பல்துலக்கியை நனைத்தாள்.