கூட்டல் அரை

பின்னால் ஒரு பள்ளம்,
முன்னால் ஒரு முள்,
ஐம்பது மீட்டருக்கு அப்பால் கறுப்பு வட்டம்.
மூன்றும் ஒரே கோட்டில் வந்தால் போதும் என்றார்கள்
கல்லூரி என்சிசியில்.
மூன்றும் மூன்று தொலைவில் இருப்பதை
யாரும் சொல்லவில்லை.
அன்றைக்குத் தேவையும் இல்லை,
கண் அணில்போல ஓடித் திரும்பிவிடும்.

ஐம்பத்தொன்றில் அது ஓடுவதில்லை.
போன இடத்திலேயே உட்கார்ந்துகொள்கிறது.

ராஸ் அல் கைமாவில்
மலைக்கும் உப்பங்கழிக்கும் நடுவே
தகரக் கூரை போட்ட சுடுதளம்.
சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே
இரும்பு கையைச் சுட்டது.
ஆயுத அறை ஷாஹ்தாத்
பச்சைக் கம்பளத்தில் ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தார்,
நகைக்கடைக்காரர் மாதிரி,
புன்னகை மட்டும் இல்லை.

முதலில் சிவப்புப் புள்ளி.
எல்லாருக்கும் அது குன்றிமணியாம்.
எனக்கு வால் முளைத்த தலைப்பிரட்டை.
கருவி கெட்டிருக்கிறது என்றேன்.
என் கைபேசியை வாங்கி
அதன் வழியே படமெடுத்து நீட்டினார்:
உருண்டையாக, அப்பழுக்கில்லாத புள்ளி.
கெட்டது எதுவென்று
இருவருமே பேசிக்கொள்ளவில்லை.

அடுத்தது தொலைநோக்கி.
அட்டையில் குத்திய ஊசி,
அதன்மேல் கால் தேய்த்துக்கொள்ளும் ஈ,
எல்லாம் மடியில் வந்து விழுந்தன.
கூடவே என் நாடித்துடிப்பும்.
ஒவ்வொரு துடிப்புக்கும் குறுக்குக்கோடு எகிறியது.
இத்தனை தெரிய வேண்டாம் எனக்கு.
விலையும் கேட்டேன்: தொள்ளாயிரம் திர்ஹம்.
வீட்டு வாடகைக்கு இன்னும் இரண்டு காசோலை பாக்கி.

கடைசியில் அந்தச் சின்ன இரும்புத் தட்டு.
நடுவே ஒரு துளை,
மூக்குத்தித் திருகு நுழைகிற அளவு.
"துளையைப் பார்க்காதே,
அதன் வழியாகப் பார்."
வெளிச்சம் குறைந்தது.
குறைந்த வெளிச்சத்தில் முன்வளையம்
பேனாவால் போட்ட கோடாய் நின்றது.
கிட்டத்தட்ட.
ஓரத்தில் ஒரு பிசிறு.
பிசிறுக்கு என்னிடம் மருந்தில்லை என்றார்.

நக்கீலில் கண்ணாடிக் கடை பினோய் கேட்டார்:
படிக்கவா, வண்டி ஓட்டவா?
இரண்டுமில்லை.
ஒரு கை நீளத்துக்குச் சற்று மேலே
ஒரு மெல்லிய வளையம் தெரிய வேண்டும்.
துப்பாக்கியைக் கொண்டுவாருங்களேன்.
சட்டம் விடாதே.
கடையின் துடைப்பக் கட்டையை எடுத்தோம்,
நுனியில் சாவி வளையம் ஒட்டினோம்.
வாசலில் நின்று
எதிர்க் கஃபேட்டீரியாவின் பலகையில்
ஓர் எழுத்தைக் குறிவைத்தேன்.
பினோய் வில்லைகளை மாற்றிக்கொண்டே வந்தார்.
கூட்டல் கால்.
கூட்டல் முக்கால்.
கரக் சாயா ஊற்றிக்கொண்டிருந்த பையன்
என்னைப் பார்த்தான்,
கெட்டிலைக் கீழே வைத்தான்,
இரண்டு கையையும் தூக்கினான்.

கூட்டல் அரையில் வளையம் கூரானது.
எழுத்து கரைந்து பஞ்சானது.
இரண்டும் சேர்ந்து கிடைக்காதா?
"நாற்பதுக்கு முன்னால் வந்திருக்கணும்" என்றார்.

மறு சனி.
வளையத்துக்குள் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று.
அதுதான் இலக்கு என்று நம்பி
மூச்சைப் பாதியில் நிறுத்தினேன்.
ஐந்து தோட்டா.
ஷாஹ்தாத் குனிந்து பார்த்துப் படித்தார்:
எட்டு. ஒன்பது. ஒன்பது. பத்து.
ஐந்தாவதை வெகுநேரம் தேடினார்.
"பத்தின் துளைக்குள்ளேயே போயிருக்கலாம்.
அட்டைக்கே வராமல் மலைக்கும் போயிருக்கலாம்.
எது வேண்டும்?"

காரில் ஏறியதும் கைபேசி ஒலித்தது.
கண்ணாடி பையில், பை டிக்கியில்.
சுட்டுவிரலை மடக்கி
ஊசித்துளை அளவு இடுக்கு விட்டு
எழுத்தெழுத்தாய்ப் படித்தேன்:
நாளை தண்ணீர்த் தொட்டி கழுவுகிறார்கள்,
வாளிகளை நிரப்பி வைக்கவும்.