ஒன்பதாயிரம் லிட்டர்

மூர் மார்க்கெட்டில் கிலோ கணக்கில் வாங்கிய கட்டைகளில்
நீலம் போதவில்லை.
டேங்கின் இடது பக்கம் நீலம்,
வலது பக்கம் கிடைத்த சாம்பல்,
பின்னால் குழாய் வருகிற இடத்தில்
ஒரே ஒரு பச்சை.
தேசிங்கு ஓட்டுகிற தண்ணி லாரியும்
அப்படித்தான், ஒட்டுப் போட்டது.

முன்னச்சுக்குச் சின்ன மோட்டார், திருப்ப.
பின்னச்சுக்கு ஒன்று, தள்ள.
இரண்டும் ரிச்சி தெருவில்
"டெஸ்ட் பண்ணித்தாம்மா குடுக்கறேன்" என்று
ஒயர் நுனியைத் தொட்டு விர்ரிட வைத்து விற்றவை.
அம்பத்தூரில் இன்வெர்ட்டருக்குப் பற்றவைக்கிற கை எனக்கு.
ஒயரிடம் பயமில்லை.
பல்சக்கரத்திடம்தான்.

முதல் நாள் நகரவே இல்லை.
டக்டக்டக்கென்று உள்ளே
பல் மேல் பல் தாவிக்கொண்டிருந்தது.
சின்னது பெரியதைச் சுழற்ற வேண்டும்,
வேகம் செத்து இழுவை பிறக்கும்;
நான் மாற்றிப் போட்டிருந்தேன்.
பிரித்தேன். மூன்று ராத்திரி.
அதற்குள் அச்சு ஒன்று
ஈரத்துணியாய் முறுக்கிக்கொண்டது.
அதையும் மாற்றினேன்.

பேட்டரிப் பெட்டிக்கு டேங்கை விட்டால் இடமில்லை.
ஆறு பேட்டரி. மூடினால்
ஒரு சொட்டுக்கு இடுக்கு கிடையாது.
"தண்ணி எங்க?" என்றான், கைலியோடு குனிந்து.
"தண்ணி வெச்சா ஓடாது."
"எனக்குத் தண்ணி இல்லேன்னா ஓடாது" என்று
அவனே சிரித்துக்கொண்டான்.

ஞாயிறு நாலு மணி, மொட்டை மாடி.
ரிமோட்டை அழுத்துகிறேன், லாரி கல்.
கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தில் பேசுகிற ரிமோட் அது,
கொடுங்கையூர் வெயிலுக்கு முன்னால்
அதன் பேச்சு எடுபடவில்லை.
தூக்கிப்போய் சின்டெக்ஸ் நிழலில் வைத்தேன்.
உடனே கிளம்பியது, சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளையாய்.

"குடு" என்றான்.

இருபத்திரண்டு வருஷம்.
இரண்டு பக்கமும் ஒரு சாண் மிச்சமிருக்கிற சந்துக்குள்
ஒன்பதாயிரம் லிட்டரை ரிவர்ஸ் எடுக்கிறவன்.
போகும்போது சரியாகத்தான் போனது.
திரும்பி வரும்போது
அவன் இடது ஒடிக்க, அது வலது வந்து
ரெஜினா அக்கா காயப்போட்ட நெத்திலிக்குள்
மூக்கைச் செருகியது.
பம்பர் எட்டுத் துண்டு.

"ரிமோட் ராங்கா இருக்கு."
"ரிமோட் சரிதான். அது உன்னப் பாத்து வருது.
அதோட இடது உனக்கு வலது."

கொஞ்ச நேரம் லாரியையே பார்த்தான்.
"இத்தன வருஷத்துல
என் வண்டி என்னப் பாத்து வந்ததே இல்லடி."

பிறகு ஒன்றும் பேசாமல் சுற்றிப்போய்
அதன் பின்னால் நின்றான்.
ஒரு முழ லாரிக்குப் பின்னால்
ஆறடி ஆள், கூன் போட்டு,
அது ஓர் அடி போனால் இவன் அரை அடி வைத்து,
வளைவில் தோளையும் சேர்த்துச் சாய்த்து.
நிழலின் எல்லை வந்தது.
நின்றுவிடும் என்று நினைத்தேன்.
நிற்கவில்லை.
மேற்கு வெயில் அவன் முதுகில்.
அவன் நிழல் நீளமாய் லாரி மேல் விழுந்திருந்தது.
அந்த நிழலுக்குள்ளேயே
வெயில் முழுக்கக் கடந்து
கைப்பிடிச் சுவர் வரைக்கும் போனார்கள்.

நான் நெத்திலிக்குள் விரல் விட்டு
பம்பரைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
ஏழுதான் கிடைத்தது.
கொடியில் தொங்கிய சட்டைப்பையில் போன் அடித்தது,
சூப்பர்வைசர். எடுத்து அவன் காதில் வைத்தேன்.
ஏதோ தெரு, இரண்டு லோடு, அவசரம்.
வாயால் பீப், பீப் என்று சொல்லிக்கொண்டே
லாரியும் அவனும் பின்னோக்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"அஞ்சு நிமிஷம் சார்," என்றான்,
"ரிவர்ஸ்ல இருக்கேன்."