மூன்று நூல்

தைவானிலிருந்து வந்த மட்கார்டு
மாப்பிள்ளை முறுக்கோடு நிற்கிறது.
கீழ் போல்ட் ஏறினால் மேல் போல்ட் ஏறுவதில்லை.
கதவுக்கும் அதற்கும் நடுவே
மேலே ஒரு நாணயம் நுழையாது,
கீழே என் சுண்டுவிரல் போய் வருகிறது.

மலிவுச் சரக்கு, என்கிறார் மைலோ குபிசெக்.
நெப்ராஸ்காவில் ஜனவரி.
ஷெட் ஹீட்டர் ஒரு பக்கத்து முதுகை மட்டும் சுடுகிறது.
ஐம்பத்து மூன்றாம் வருஷத்துப் பிக்கப்,
ஒரு கீறல் கண்டதில்லை
என்று சொல்லித்தான் இங்கே இறக்கினார்.

மூன்றாம் முறையும் கழற்றினேன்.
வந்த அட்டைப்பெட்டி மேலேயே கிடத்தி
துளைக்குத் துளை அளந்தேன்.
மட்கார்டில் பிழையில்லை.

பிறகு கேபினுக்கு, மூலைக்கு மூலை டேப் பிடித்தேன்.
வலது தூண் மூன்று நூல் பின்னால்.
பெயிண்டைச் சுரண்டினால் ஈயம்,
யாரோ ராத்திரியெல்லாம் உட்கார்ந்து
இழைத்தது போல அத்தனை வழவழப்பு.

டேப்பை அவரிடம் நீட்டினேன்.
எண்ணைப் பார்க்கவில்லை அவர்.
"அன்றைக்கு ஓட்டினது எமில் இல்லை" என்றார்.
எமில் யாரென்று நான் கேட்கவில்லை.

தூணை இழுத்து நிமிர்த்தலாம்,
ஆறு நாள் வேலை, என்றேன்.
சரி என்றார். கொஞ்ச நேரம் கழித்து
வேண்டாம் என்றார்.

அரத்தை எடுத்தேன்.
புது மட்கார்டின் துளைகளை
ஒவ்வொன்றாக நீட்டி,
நேராக வந்ததைக் கோணலுக்குப் பழக்கினேன்.
போல்ட் ஏறியது.

தரையில் விழுந்த இரும்புத்தூளை
அவர்தான் பெருக்கினார்,
பெருக்கின இடத்தையே மறுபடியும்.